ஒடன்டாலஜி: பல் சொல்லும் அடையாளம்

கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் நாட்களில் பேப்பரில் ஒரு வரி தவறாமல் வரும்: 'அடையாளம் தெரியாத ஆண் சடலம் கரை ஒதுங்கியது.' நாள்கணக்கில் தண்ணீரில் ஊறினால் முகம் உப்பிப்போகும், விரல் தோல் உரிந்துவிடும். பல் அப்படியே இருக்கும். அந்தப் பல்லை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் துறைதான் 'ஃபாரன்சிக் ஒடன்டாலஜி'.

'ஒடொன்ட்' என்ற கிரேக்க வேருக்குப் பல் என்று பொருள். லத்தீனின் 'டென்ஸ்', சமஸ்கிருதத்தின் 'தந்தம்' இரண்டும் அதற்குப் பங்காளிகள். பிள்ளையாரை ஏகதந்தன் என்று கும்பிடும்போது நாமும் அந்தக் குடும்பத்துச் சொல்லைத்தான் சொல்கிறோம். (நம் சொந்தச் சொற்கள் பல், எயிறு.) 'ஃபாரன்சிக்' வந்தது 'ஃபோரம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. ரோமில் வழக்கு நடந்த பொது மன்று அது. அவர்கள் சொல் நீதிமன்றத்தை நினைக்கிறது, நம் 'தடயவியல்' விட்டுப்போன தடத்தை நினைக்கிறது.

தமிழில் 'தடயவியல் பல் மருத்துவம்' என்று எழுதுகிறார்கள். சரி, ஆனால் செத்தவருக்கு என்ன வைத்தியம்? 'பல் தடயவியல்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பல்லின் மேலுறையான பற்சிப்பிதான் (எனாமல்) உடம்பிலேயே கடினமான பொருள். தீயையும் ஓரளவு தாங்கும். 1897இல் பாரிஸில் ஓர் அறக்கொடைச் சந்தை எரிந்து 120 பேருக்கு மேல் இறந்தபோது, முகம் தெரியாமல் கருகிய சிலரை அவர்களுடைய பல் மருத்துவர்களே அடையாளம் காட்டினார்கள். அங்கே வசித்த கியூபா மருத்துவர் ஆஸ்கர் அமோயெதோ அடுத்த ஆண்டே இதைப் பற்றி நூல் எழுதினார்.

அடைத்த பல், வேர் சிகிச்சை, பிடுங்கிய இடம், தெற்றுப்பல், கட்டுப்பல்: இவற்றைப் பழைய எக்ஸ்ரேயோடும் சிகிச்சைக் குறிப்போடும் ஒப்பிடுவார்கள். குறிப்பே இல்லாவிட்டால் பல் வளர்ச்சியைப் பார்த்து வயதை ஓரளவு கணிக்கலாம். வெற்றிலைக் கறை உதவுமா என்றால், கும்பகோணம் பக்கம் அது யாருக்குத்தான் இல்லை?

2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டுப் பயணிகள் பலருக்குப் பல்தான் பெயரை மீட்டுக் கொடுத்தது. அவர்கள் ஊர்களிலிருந்து பல் குறிப்புகள் வந்து சேர்ந்தன. அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பலரை அவசரமாக ஒரே குழியில் புதைக்க வேண்டியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அங்குள்ள மீனவ ஊரான அக்கரைப்பேட்டையில் எத்தனை வீட்டில் பல் எக்ஸ்ரே இருந்திருக்கும்?