இரவில் பிடித்த மண் பகலில் ஏன் வழுக்குகிறது?

"ஏனுங்க, வெள்ளியங்கிரி ஏறறப்ப ராத்திரி கெட்டியா இருந்த அதே மண்ணு, காலையில இறங்கறப்ப காலை வாருதே, ஏன்?" என்று கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாசி, பங்குனியில் கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிவன் மலைக்கு விரதமிருந்து, அடிவாரப் பூண்டியிலிருந்து ஏழு மலையும் ஏறி இறங்கிய பலருக்கும் வந்திருக்கக்கூடிய சந்தேகம்தான்.

களைப்பு ஒரு காரணம். இறக்கத்தில் தொடைத் தசை படும் பாடு இன்னொன்று. சாய்தளம், உராய்வு எல்லாம் பள்ளிப் பாடம், அதை விட்டுவிடலாம். விஷயம் மண்ணில் இருக்கிறது.

நம் மலைப் பாறைகளில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் உண்டு. காலப்போக்கில் ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் மணல் பரலாகத் தங்கும். தை கழிந்து மண் காய்ந்த பிறகு, ஏறுகிறவர்களின் கால்கள் இந்தப் பரலைக் கிளப்பிவிடுகின்றன. காய்ந்த பரலைக் குவித்தால் சுமார் 34 டிகிரி சரிவு வரைதான் நிற்கும், அதற்கு மேல் சரிந்துவிடும்.

இதன்மேல் இரவுப் பனி இறங்குகிறது. இரண்டு பரல்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் துளி ஈரம் சேர்ந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கழுத்து போல நிற்கும். அதன் ஓரம் உள்நோக்கிக் குழிந்திருக்கும். இப்படிக் குழிந்த நீர்ப்பரப்பு இருந்தால், பரப்பு இழுவிசையால் நீருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். அப்புறம் என்ன, வெளிக்காற்றே இரண்டு பரல்களையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துகிறது. நீரின் மேற்பரப்பும் தன் பங்குக்கு இழுக்கிறது.

எவ்வளவு பலம்? பரலை வழவழப்பான உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால், 1 மி.மீ. குவார்ட்ஸ் பரலை இந்த ஈரம் இழுக்கும் விசை, பரலின் எடையைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. அரை மி.மீ. பரலுக்கு 60 மடங்குக்கும் மேல்! விட்டம் பாதியானால் விசையும் பாதியாகிறது. எடையோ எட்டில் ஒன்றாகிவிடுகிறது. நிஜப் பரல் சொரசொரப்பாக இருப்பதால் விசை இவ்வளவு வராது, ஆனாலும் போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு: கழுத்து கொஞ்சம் தடித்தாலும் மெலிந்தாலும் விசை பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் லேசான பனியே மண்ணைக் கட்டிப்போடுகிறது.

அதே சிறுமைதான் அதற்கு எமனும். வெயில் ஏறியதும் திறந்த சரிவுகளில் அந்தத் துளி ஈரம் ஆவியாகிவிடும், பரல்கள் தனித்தனியாகிவிடும். மரநிழலில் மண் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். மோசமானது பாறைமேல் சிதறிய காய்ந்த பரல்: சைக்கிள் கடையில் சிந்திய பால்ரஸ்மேல் கால் வைத்த கதைதான்.

சித்திரையில் கோடை மழை கொட்டினால் நேர்மாறு. இடுக்குகள் முழுக்க நீர் நிரம்பியதும் காற்றும் இல்லை, குழிந்த பரப்பும் இல்லை, பிடிப்பும் போச்சு.

மணலில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா, அதற்குப் பணம் வேறா என்று கேட்பவர்கள் உண்டு. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் செய்தது அதைத்தான். சரியான அளவு ஈரம் இருந்தால் மணல் கெட்டிப்பட்டு, வண்டிக்கு முன்னால் குவியாது; அதனால் மணல்மேல் சறுக்குவண்டியை இழுக்கப் பாதி விசை போதும் என்று காட்டினார்கள். பழைய எகிப்தியக் கல்லறை ஓவியம் ஒன்றில் சிலை ஏற்றிய சறுக்குவண்டிக்கு முன்னால் ஒருவர் நீர் ஊற்றுவதற்கு இப்படி ஒரு பௌதிகக் காரணம் கிடைத்தது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் இம்மாதிரிச் 'சில்லறை' கேள்விகளுக்குக் காசு ஒதுக்கலாம். பெரிய கருவிகூடத் தேவைப்படாது.

வழுக்கி விழுந்தவரிடம் "விரதத்துல ஏதோ குறை" என்று சொல்வது மட்டும் எனக்கு ஆகாது. அடிபட்டவருக்குத் தேவை கட்டுப்போட ஒரு துணி, ஊன்ற ஒரு மூங்கில் தடி. அந்தத் தடியை இறக்கத்தில் உங்களுக்கு முன்னால், ஒரு படி கீழே ஊன்றுங்கள். எடையில் ஒரு பங்கைத் தடி வாங்கிக்கொள்ளும், வழுக்கும் பரலுக்குப் போவது குறையும்.