சத்தம் வராத ஃபஸ் பெடல்: பழுது எங்கே என்று வோல்ட் சொல்லும்

1961-ல் நாஷ்வில்லில் இருந்து வெளிவந்த ஓர் இசைத்தட்டில் கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிட்டார் கரகரவென்று உறுமியது. ஸ்டூடியோ கன்சோலில் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கோளாறின் ஒலிதான் அது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பை டிரான்சிஸ்டர்களை வைத்து வேண்டுமென்றே உண்டாக்கிக் காட்டினார். 1962-ல் கிப்சன் நிறுவனம் அதைக் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாக்கி (இதைத்தான் பெடல் என்கிறோம்) மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோளாறில் பிறந்த ஒலி என்பதால் ஃபஸ் பெடலைச் சரிபார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சரியாக வேலை செய்யும் ஃபஸ்ஸும் கெட்டுப்போன ஃபஸ்ஸும் காதுக்குப் பல நேரம் ஒரே மாதிரிதான் கேட்கும். அதனால் காதை நம்புவதற்கு முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

வீட்டில் பெடல் செய்து பழகுகிறவர்களில் பலர் முதலில் தொடுவது ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட். 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்டது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்தது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கபாசிட்டர், இரண்டு பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்). அவ்வளவுதான். இவ்வளவு சின்ன சர்க்யூட்டும் முதல் தடவை வாய் திறக்காமல் போவது சகஜம். உடனே எல்லா இணைப்புகளையும் திரும்பச் சூடாக்கி ஈயம் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதில் நல்லா இருந்த டிரான்சிஸ்டரும் கருகும், ஸ்ட்ரிப்போர்டின் செம்புப் பட்டையும் உரிந்து வரும்.

முதல் கேள்வி சுலபமானது. கால் சுவிட்சை பைபாஸில் வைத்தால் கிட்டார் கேட்கிறதா? பைபாஸில் சிக்னல் போர்டுக்குள் போவதே இல்லை. ஒரு ஜாக்கில் நுழைந்து சுவிட்ச் வழியாக அடுத்த ஜாக்கில் வெளியேறிவிடும். அதுவே கேட்கவில்லை என்றால் முதலில் ஜாக், சுவிட்ச், வயர் மூன்றையும் பாருங்கள். போர்டு அப்புறம். எல்ஈடி எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மின்சாரம் எல்ஈடி வரை வருகிறது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை.

பைபாஸ் சரி என்றால் மூடியைக் கழற்றி வோல்ட் அளக்கலாம். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பேட்டரியில் ஓடும் பெடல்களில் உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோ வகையாக இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயர் அந்த ஜாக்கின் ரிங் என்ற தொடுமுனையில் சேர்ந்திருக்கும். கிட்டாரின் மோனோ பிளக் உள்ளே போகும்போதுதான் ரிங்கும் கிரவுண்டும் (சர்க்யூட்டின் பொதுவான பூஜ்ஜிய வோல்ட் இடம்) ஒட்டி மின்சாரம் ஓடும். பிளக் செருகாமல் பேட்டரியை வைத்து அளந்தால் எல்லா இடத்திலும் பொய்யான எண்தான் வரும். பிளக்கைச் செருகிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு காலாகத் தொட வேண்டும்.

இனி வரும் எண்கள் சிலிக்கான் என்பிஎன் டிரான்சிஸ்டர் போட்ட பெடலுக்கு. பழைய ஜெர்மேனியம் பிஎன்பி பெடலில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். எண்கள் மைனஸில் வரும், அளவுகளும் வேறு.

டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் நேராகக் கிரவுண்டில் இருப்பதால் அதன் பேஸில் 0.6 வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும். அதன் கலெக்டர் இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸோடு சேர்ந்திருக்கிறது, அங்கே 1.2, 1.3 வோல்ட். இரண்டாவதின் எமிட்டரில் அதைவிட 0.6 குறைவு. இரண்டாவதின் கலெக்டரில் 4.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

ஏன் 4.5? ஒலி என்பது மேலும் கீழும் ஆடும் மின்னழுத்தம். ஊஞ்சலைக் கூடத்தின் நடுவில் கட்டினால்தான் இரண்டு பக்கமும் ஆட இடம் இருக்கும்; சுவரோரம் கட்டினால் ஒரு பக்கம் முட்டும். 9 வோல்ட் சர்க்யூட்டில் கலெக்டருக்கு நடு இடம் 4.5. ஃபஸ் இரண்டு பக்கமும் முட்டுவதால்தான் உண்டாகிறது, உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்திலேயே ஒட்டிக் கிடந்தால் மெதுவாகத் தட்டிய ஸ்வரம் கேட்காமலே போகும். பலமாகத் தட்டியது விட்டுவிட்டுத் துப்பும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டாவதின் எமிட்டரில் 0.66 வோல்ட் இருக்கிறது. அதன் கீழே இருக்கும் ஃபஸ் பாட் 1 கிலோ ஓம்; ஆகவே ஓடுவது 0.66 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய அதே மின்னோட்டம்தான் மேலே கலெக்டருக்கும் 9 வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் 470 ஓம், 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டின் வழியாகவும் வருகிறது. 8.67 கிலோ ஓமை 0.66-ஆல் பெருக்கினால் 5.7 வோல்ட். ஒன்பதில் அது போனால் கலெக்டரில் மிஞ்சுவது 3.3. எல்லாம் சரியாக இணைத்தும் 4.5 வராததற்குக் காரணம் இதுதான்: 8.2 கிலோ ஓம் என்பது ஜெர்மேனியத்துக்காக வைத்த மதிப்பு. அந்த இடத்தில் 10 கிலோ ஓம் ட்ரிம்பாட் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் குட்டி பாட்) போட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே 4.5 வரும்வரை திருப்பினால் வேலை முடிந்தது. சிலிக்கானுக்கு அது 6 கிலோ ஓமைச் சுற்றி எங்கேயாவது வந்து நிற்கும்.

கலெக்டரில் முழு 9 வோல்ட் காட்டினால் இரண்டாவது டிரான்சிஸ்டர் தூங்குகிறது. 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் விட்டுப் போயிருக்கலாம், ஃபஸ் பாட்டின் கிரவுண்ட் கால் ட்ரை சால்டராக, அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காமல், இருக்கலாம். கலெக்டரும் எமிட்டரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் அந்த டிரான்சிஸ்டர் மின்னோட்டத்துக்கு முழுசாக வழிவிட்டுக் கிடக்கிறது. 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பாருங்கள். முதல் டிரான்சிஸ்டருக்கு உயிர் தருவது அந்த ஒரு ரெசிஸ்டர்தான்.

நம் ஊரில் அதிகம் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வரைபடங்களில் 2என்3904 என்று இருக்கும். நம் கையில் இருப்பது கல்லூரி லேபில் பழகிய பிசி547. தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், முன்னதற்கு இடமிருந்து வலம் எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதற்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே மாற்றிச் செருகினால் கெயின் (பெருக்கும் திறன்) படுத்துவிடும், அளவுகள் கன்னாபின்னாவென்று வரும். திருப்பிப் போட்டால் போதும்.

வோல்ட்டெல்லாம் சரி, ஆனால் சத்தம் இல்லை. இப்போதுதான் காதுக்கு வேலை. ஒரு பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடு வயரில் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, ஷீல்டை பெடலின் கிரவுண்டில் கிளிப் செய்யுங்கள். மறுமுனை ஆம்ப்ளிஃபையருக்கு, ஒலியளவு குறைவாக. பெடலுக்குள் கிட்டாரை நண்பரை வாசிக்கச் சொல்லலாம், இல்லையென்றால் போனில் ஒரு பதிவைக் குறைந்த ஒலியில் ஓடவிடலாம். கபாசிட்டரின் நுனியால் உள்ளீட்டு ஜாக்கில் தொடங்கி ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், எங்கே ஒலி நிற்கிறதோ அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில் பழுது இருக்கிறது. பேட்டரி பெடலுக்கு மட்டும்தான் இந்த வித்தை. வால்வ் ஆம்ப்ளிஃபையருக்குள் இதை வைத்துக்கொண்டு போகவே கூடாது. அங்கே இருப்பது உயிரை எடுக்கும் வோல்ட்.

ஒலி வருகிறது, ஃபஸ் பாட்டைத் திருப்பினால் மட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால் அதன் நடுக்காலில் இருந்து கிரவுண்டுக்குப் போகும் 22 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் இணைப்பில் இல்லை. அடாப்டரில் மட்டும் ஹம் கேட்டு பேட்டரியில் அமைதியாக இருந்தால் குற்றம் சர்க்யூட்டில் இல்லை. 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 மைக்ரோ ஃபாரட் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பேஸ் கிட்டாரில் போட்டுவிட்டு அடி ஒலி மெலிந்துவிட்டது என்று தேடுகிறவர்கள் வெளியீட்டுக் கபாசிட்டரைப் பார்க்க வேண்டும். 0.01 மைக்ரோ ஃபாரடும் 500 கிலோ ஓம் வால்யூம் பாட்டும் சேர்ந்தால் 32 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு விழும். பின்னால் 1 மெகா ஓம் ஆம்ப்ளிஃபையர் சேரும்போது அது 48-க்கு ஏறிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸ். கபாசிட்டரை 0.1 ஆக மாற்றினால் வெட்டு 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அந்தக் கம்பி முழுசாக வெளியே வரும்.