கீபோர்டை மாற்றாதீர்கள், டீபக்கரைத் திருத்துங்கள்

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறி வந்தார். பம்புசெட் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு நிரல் எழுதுபவர். "புதுக் கீபோர்டு போட்டும் அப்படியேதான் இருக்கு சார். தட்டுறது எதுவும் டெர்மினல்ல தெரிய மாட்டேங்குது. ரீஸ்டார்ட் பண்ணா ரெண்டு நாள் நல்லா இருக்கும், அப்புறம் மறுபடி போயிடும்" என்றார். லூஸ் கான்டாக்ட் என்று சொல்லி ஒரு கடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாங்கி, டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தேன். தட்டிய எழுத்து தெரியவில்லை. ஆனால் கோப்புப் பட்டியல் வந்து விழுந்தது, ஒவ்வொரு வரியும் படிக்கட்டு இறங்குவது போல வலப்பக்கம் சரிந்துகொண்டே. கீபோர்டு செத்திருந்தால் பட்டியல் எப்படி வரும்? பக்கத்தில் பிரௌசரைத் திறந்து தட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.

இந்த வருஷம் இதே கதையோடு வரும் நான்காவது ஆள் இவர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவது கீபோர்டு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. எழுத்து முதலில் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், டெர்மினலைக் கவனிக்கும் டிடிஒய் பகுதிக்குப் போகிறது. அதைத் திரைக்குத் திருப்பி அனுப்புவது அந்தப் பகுதிதான். அதற்குப் பெயர் எக்கோ. என்டர் அடிக்கும்வரை வரியைப் பிடித்து வைத்திருப்பதும், பேக்ஸ்பேஸ் அடித்தால் அழிப்பதும், கன்ட்ரோல்-சி அடித்தால் ஓடும் நிரலுக்கு நிறுத்து என்று சிக்னல் அனுப்புவதும் அதன் வேலைதான். என்டர் விசை அனுப்பும் 13 என்ற எண்ணை 10 ஆக மாற்றித் தருவதும் அங்கேதான். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. எந்த நிரலும் அணைக்கலாம். அம்புக்குறி, பழைய கட்டளை எல்லாம் வேண்டும் என்பதால், நிரலில் பிழை தேட உதவும் டீபக்கர்கள் பலவற்றை அணைத்துவிட்டு, அந்த வேலையைத் தாங்களே செய்கின்றன. ஜிடிபி என்ற டீபக்கர் இதற்கு ரீட்லைன் நூலகத்தை நம்புகிறது, எல்எல்டிபி என்ற டீபக்கர் லிப்எடிட்டை. அணைத்ததைத் திரும்பப் போடாமல் வெளியேறினால் எக்கோ இல்லாத டெர்மினல்தான் மிச்சம். கீபோர்டு நன்றாகவே இருக்கும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். டெர்மினல் ஒரு பொது வாய்க்கால். கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல், டீபக்கர், டீபக் செய்யப்படும் நிரல் என்று மூன்று பேர் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்கிறார்கள். உன் முறைக்கு மடையைத் திறந்தால், போகும்போது முன்பு இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தம்பியுடையது அவர்கள் கம்பெனியிலேயே எழுதிய சின்ன டீபக்கர். க்விட் என்று சொன்னால் ஒழுங்காக மீட்டுவைக்கிறது. ஆனால் போர்டோடு தொடர்பு அறுந்தால் ஒரு பிழைச் செய்தியை அச்சிட்டுவிட்டு நேராக எக்ஸிட். யுஎஸ்பி கேபிள் ஆடும்போதெல்லாம் எக்கோ போயிருக்கிறது. லூஸ் கான்டாக்ட் உண்மையிலேயே இருந்தது, கேபிளில்!

இங்கே தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிரல் சிக்னலில் செத்தால் பாஷ் ஷெல் டெர்மினலின் பழைய நிலையை மீட்டுவிடும். எக்ஸிட் சொல்லி வெளியேறினால், வேண்டுமென்றுதான் மாற்றினீர்கள் என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடும். ஆகவே செக்மென்டேஷன் ஃபால்ட் (அதுவும் சிக்னல் சாவுதான்) வரவைத்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று பிழைப் புகாரை மூடாதீர்கள்.

திருத்துவது எப்படி? தொடங்கியதும், எதையும் தொடுவதற்கு முன், டெர்மினல் நிலையைப் படிக்கும் டிசிகெட்ஆட்டர் (tcgetattr) கொண்டு இருக்கும் நிலையைச் சேமியுங்கள். வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் அதையே திரும்பப் போடுங்கள்: பிழை வழி, முடித்துக்கொள் என்று வரும் சிக் டெர்ம் சிக்னல், நிரலை இடைநிறுத்தும் கன்ட்ரோல்-இசட் எல்லாமே வழிதான். டெர்மினலை இயல்பு அமைப்புக்குக் கொண்டுவரும் எஸ்டிடிஒய் சேன் (stty sane) கட்டளையை எக்ஸிட்டுக்கு முன் கூப்பிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்; பயனர் தனக்கென்று வைத்திருந்த அமைப்பை அது அழித்துவிடும். டீபக் செய்யப்படும் நிரலும் அதே டெர்மினலில் ஓடினால், நிரலை நிறுத்திப் பார்க்கும் ஒவ்வொரு பிரேக்பாயின்ட்டிலும் டெர்மினல் கைமாற்றம் உண்டு. ஜிடிபி அந்த நிரலின் நிலையைத் தனியாகச் சேமித்து வைக்கிறது. இன்ஃபோ டெர்மினல் என்று கேட்டால் காட்டும். ஜிடிபியின் டிடிஒய் கட்டளையால் நிரலை வேறொரு டெர்மினலுக்கே அனுப்பியும் விடலாம்.

கைமாற்றி நிலையை மாற்றும்போது டிசிசாஃப்ளஷ் (TCSAFLUSH) என்ற தேர்வைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது படிக்காமல் காத்திருக்கும் உள்ளீட்டைக் கொட்டிவிடும். பத்துக் கட்டளைகளை ஒட்டினால் முதல் வரி மட்டும் ஓடுகிறது என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். உள்ளீட்டைக் கொட்டாத டிசிசாட்ரெயின் (TCSADRAIN) போதும்.

ஜன்னலின் அளவை மாற்றியதும் டீபக்கர் மூடிக்கொள்கிறதா? உள்ளீட்டைப் படிக்கும் ரீட் -1 என்று திரும்பியிருக்கும், பிழை எண் இருக்கும் எர்னோவில் இஐஎன்டிஆர் (EINTR), அதாவது சிக்னல் குறுக்கிட்டது என்று இருக்கும். அது முடிவு இல்லை, மறுபடி படியுங்கள். 0 வந்தால்தான் முடிவு. அப்போது கட்டாயம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கட்டளை கேட்கும் ப்ராம்ப்ட் ஆயிரம் முறை ஓடும்.

தமிழில் ஒரு சொல்லைத் தட்டி அழித்துப் பாருங்கள் என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தஞ்சாவூர் நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் 9 குறிகள், யூடிஎஃப்-8 இல் 27 பைட். தம்பியின் டீபக்கரில் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டை மட்டும் வெட்டியது. மிச்சம் 26 பைட், கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். அந்த உடைந்த சொல் அப்படியே போர்டுக்குப் போய்விட்டது. எழுதியவர்களும் தமிழர்கள்தான். ஒருவராவது ஒரே ஒரு முறை நம் ஊர்ப் பெயரைத் தட்டியிருக்கலாமே.

இதையெல்லாம் பைப் வழியாக, அதாவது இன்னொரு நிரலின் வெளியீட்டை உள்ளே விட்டு, உள்ளீடு கொடுத்துச் சோதிக்க முடியாது. பைப்பில் எக்கோ கிடையாது, கன்ட்ரோல்-சி கிடையாது. போலி டெர்மினல், அதாவது பிடிஒய், திறந்து அதில் ஓட்டுங்கள்.

டீபக்கரைப் பயன்படுத்த மட்டும் செய்கிறவர்களுக்கு: எழுத்து மறைந்தால் பதறாதீர்கள். என்டருக்குப் பதில் கன்ட்ரோல்-ஜே அடித்து, எஸ்டிடிஒய் சேன் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டி, மறுபடி கன்ட்ரோல்-ஜே. திரை முழுக்க உறைந்து நின்றால் தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் அடித்திருப்பீர்கள். கன்ட்ரோல்-க்யூ அடித்தால் விடும். இரண்டுக்கும் ரீஸ்டார்ட் வேண்டாம், கடையும் வேண்டாம்.

தம்பிக்குத் திருத்தம் இருபது வரிகூட வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, கழற்றிய பழைய கீபோர்டு கடையில்தான் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது நல்ல கீபோர்டு.