சமநிலை மாறிலி: கேசியா, கேபியா?

ஒரு வேதிவினை முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலையில், விளைபொருள்களின் அளவு மேலே, வினைபடுபொருள்களின் அளவு கீழே, ஒவ்வொன்றுக்கும் அதன் மோல் எண்ணிக்கையை அடுக்காகப் போட்டு வகுத்தால் வருவதுதான் சமநிலை மாறிலி; குறி கே. இந்தச் சொல்லில் 'சமநிலை' பாதி சுலபம். 'ஈக்விலிப்ரியம்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் 'சமம்', 'தராசு' இரண்டும் சேர்ந்தது. நம்மிடமும் 118-ஆம் குறளில் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்று அதே தராசுதான் வருகிறது. 'மாறிலி'தான் கொஞ்சம் வில்லங்கம். மாறு + இலி, மாறுதல் இல்லாதது. ஆனால் வெப்பநிலை மாறினால் இதுவும் மாறும்.

கே-க்குக் கீழே பொடியாக சி போட்டால் செறிவு, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல். பி போட்டால் ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தம், அதாவது கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தம். செறிவுச் சமநிலை மாறிலி, அழுத்தச் சமநிலை மாறிலி என்று முழுசாக எழுதலாம். கணக்குப் போடும்போது எல்லோருக்கும் கேசி, கேபிதான், அதில் தப்பில்லை.

ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வாயுச் சமன்பாடே போதும்: அழுத்தம் = செறிவு × ஆர் × டி. ஆர் வாயு மாறிலி, டி கெல்வினில் வெப்பநிலை (செல்சியஸோடு 273 கூட்டியது). ஒவ்வொரு வாயுவுக்கும் இதைப் போட்டு மேலும் கீழும் அடித்தால், கேசியை ஆர்டியின் 'டெல்டா என்' அடுக்கால் பெருக்கினால் கேபி என்று வரும். டெல்டா என் என்பது விளைபொருள் வாயு மோல்களிலிருந்து வினைபடுபொருள் வாயு மோல்களைக் கழித்தது. திண்மம், திரவம் கணக்கில் வராது. அம்மோனியா உருவாகும்போது 2 − 4 = −2. ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆவதில் பூஜ்ஜியம், இரண்டு மாறிலியும் ஒன்றே.

டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடு ஆவதில் +1. 25 டிகிரியில் கேபி சுமார் 0.15 அட்மாஸ்பியர், ஆர்டி 0.0821 × 298 = 24.5, வகுத்தால் கேசி லிட்டருக்கு சுமார் 0.006 மோல்.

சரி, ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான், அப்போது கேபி இங்கே குறையுமா? மலையில் படிக்கிற பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. குறையாது. அந்த வாயுக் கலவையை சிரிஞ்சில் அடைத்து, அதே வெப்பநிலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே கொண்டுவந்தால், அது விரிந்து பழுப்பு வாயுவின் பங்கு கூடும், கேபி அசையாது. அசைப்பது குளிர். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழுகிற காலையில், மூடிய குழாயில் இருக்கிற பழுப்பு வெளிறிவிடும், கேபி, கேசி இரண்டுமே இறங்கியிருக்கும். அப்போது டி 273. 298-க்கான கேபியை வைத்துக்கொண்டு 273 போட்டு கேசி எடுத்தால் விடை தப்பு.