டி.என்.ஏ.வை வெட்டும் நொதி: வெளியே பகை, வாசலில் துணை

காலரா கிருமியான விப்ரியோ காலரே, கழிமுக நீரில் நண்டு, இறால் ஓடுகளில் ஒட்டி வாழும். ஓட்டிலுள்ள கைட்டின் சிதைந்து சிறு சர்க்கரைகளாகக் கிடைத்தால், பக்கத்தில் செத்த பாக்டீரியாக்கள் சிந்திய டி.என்.ஏ.வை இழுத்துக்கொள்ளத் தயாராகும். மெல்லிய மயிரிழை ஒன்றை வெளியே நீட்டி, டி.என்.ஏ.வைப் பிடித்து உள்ளே சுருட்டும்.

இதற்குத் தடையும் அதே கிருமியிடம்தான் இருக்கிறது. டி.என்.எஸ். என்ற நொதியை அது வெளியே சுரக்கிறது. மிதக்கும் டி.என்.ஏ.வைக் கண்டதும் வெட்டித் துண்டாக்கும் நொதி இது. துண்டு சிறுத்துப்போனால் உள்ளே போனாலும் மரபணுவில் இணையாது. நொதி வீணானதல்ல: டி.என்.ஏ.விலிருந்து பாஸ்பேட் கிடைக்கும். வெள்ளணுக்கள் விரிக்கும் டி.என்.ஏ. வலையை அறுத்துத் தப்பவும் உதவும்.

கூட்டம் பெருகும்போது நிலைமை மாறும். ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞை மூலக்கூறுகள் சேர்ந்து, ஹேப்ஆர் என்ற புரதத்தை எழுப்பும். அது டி.என்.எஸ். உற்பத்தியை அடக்கும். பக்கத்தில் உறவினர் நிறைய இருக்கும்போதுதான் பிறர் டி.என்.ஏ.வுக்கு மதிப்பு, அந்த நேரம் பார்த்துக் கத்தரி உறைக்குள் போவது மிக நேர்த்தியான ஏற்பாடு. ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் என்16961 வகையில் ஹேப்ஆர் மரபணு பழுதானது. அதனால் கைட்டினைக் கொட்டிக் கொடுத்தாலும் வெளி டி.என்.ஏ.வை ஏற்று மரபணு மாறுவது நடப்பதில்லை. டி.என்.எஸ். மரபணுவை நீக்கிய வகைகளோ டி.என்.ஏ.வை மிக அதிகமாக ஏற்கின்றன.

நிமோனியா உண்டாக்கும் கிருமியான நிமோகாக்கஸில் கதை தலைகீழ். அங்கே செல் சவ்வில் எண்ட்ஏ என்ற நொதி, வாசலிலேயே நிற்கிறது. இரட்டை இழையில் ஒன்றை அது தின்றுவிட, மற்றது ஒற்றை இழையாகக் காம்இசி என்ற புரதத் துளைவழி நுழைகிறது. எண்ட்ஏ இல்லாத வகையில் டி.என்.ஏ. மேற்பரப்பில் ஒட்டும்; பெரும்பாலும் உள்ளே போகாது. இந்த நொதிக்கு மெக்னீசியம் வேண்டும், ஆகவே கரைசலில் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் மிஞ்சியிருந்தால் சோதனை கெடும். சோதனையில், கிருமியைத் தயார்நிலைக்குத் தூண்டும் பெப்டைடை (சிறு புரதத் துண்டை) மில்லிலிட்டருக்குச் சுமார் 100 நானோகிராம் சேர்த்து 10 நிமிடத்தில் டி.என்.ஏ.வையும் சேர்த்துவிட வேண்டும். அரை மணி கடந்தால் தயார்நிலை வடிந்துவிடும்.

சில நிமோகாக்கஸ் வகைகளில் உள்ளே இன்னொரு காவல் உண்டு. டிபிஎன்2 நொதி, மெத்தில் குறி (டி.என்.ஏ. எழுத்தில் ஒட்டும் சிறு வேதி அடையாளம்) இல்லாத ஜிஏடிசி எழுத்து வரிசையை வெட்டும். ஆனால் இரட்டை இழையில் மட்டும். வந்த இழை செல்லின் சொந்த இழையோடு பொருந்தி இணைந்தால், அதிலுள்ள மெத்தில் குறியே காக்கும். முற்றிலும் புதிய மரபணுத் தொகுதிக்கு அந்தத் துணை கிடையாது. செல் அதை நகலெடுத்ததும் இரு இழையும் குறியற்று நிற்கும், நொதி வெட்டிவிடும். நிமோகாக்கஸ் இதற்கும் வழி வைத்திருக்கிறது: தயார்நிலையில் டிபிஎன்ஏ என்ற நொதி, வந்த ஒற்றை இழையிலேயே மெத்தில் குறி இட்டுவிடுகிறது.