கால்விரலை எடுக்கச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது

"மேடு ஏறினா கெண்டைக்கால் பிடிச்சுக்குது டாக்டர், கொஞ்சம் நின்னா சரியாயிடுது." தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஜீப்பில் குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். நடந்தால் வந்து, நின்றால் போகிற இந்த வலியை வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்தே வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கினாலும் இப்படித்தான் வலிக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. அட்டை கடித்த இடம் புண்ணாகி, வேறொரு மருத்துவமனையில் ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். வெட்டிய இடம் ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. விரலை எடுக்கும் முன் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அது.

சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில் இரண்டு இடத்தில் கோளாறு தெரிந்தது. இடுப்புக்குள் ஓடும் குழாயில் சுருக்கம். தொடையில் நீளமான முழு அடைப்பு. தேக்கடி தலைமதகைத் திறக்காமல் கம்பம் வயல் வாய்க்காலை மட்டும் தூர்வாரினால் தண்ணீர் வருமா? அதனால் மேலே பலூனால் விரித்து, குழாய் மூடாமல் தாங்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வைத்தோம். அதே மேசையில், அதே மயக்கத்தில், அவருடைய காலிலிருந்தே ஒரு சிரையை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) எடுத்து தொடை மடிப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றிப் போகும் மாற்றுவழி, போட்டோம்.

இரண்டையும் அறுவையாகவே செய்வதென்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். அவருடைய பலவீனமான இதயம் அதைத் தாங்காது. இரண்டையும் பலூனாலேயே செய்தால் தொடையின் நீண்ட அடைப்பு மறுபடி மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அவருக்கு இந்தக் கலவை பொருந்தியது. எல்லாருக்கும் பொருந்தாது: நல்ல சிரை வேண்டும், சாயம் செலுத்துவதால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். பைபாஸும் அடைபடலாம், அதிலும் பீடியை விடாதவர்களுக்கு.

"ஆஞ்சியோவா? நெஞ்சுக்குத்தானே?" என்றார் அவர் மனைவி. உண்மையில் பைபாஸ், அறுவையில்லாமல் குழாயைத் திறப்பது என்ற இரண்டு சிகிச்சையும் காலில்தான் தொடங்கின. 1948இல் பாரிஸில் குன்லின் என்ற மருத்துவர் சிரையை வைத்துக் காலுக்கு பைபாஸ் செய்தார். 1964இல் அமெரிக்காவில் டாட்டர் என்ற மருத்துவர், காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைக் குழாயை அறுவையில்லாமல் திறந்தார். இதயத்துக்கு பலூன் வந்தது 1977இல்தான்.

பரிசோதனை எளிது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் குழாய் சுண்ணாம்பாக இறுகி எண் பொய்யாக உயரலாம். அப்போது கால்விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாத புண்ணுக்கு விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "ரத்த ஓட்டம் பார்த்தீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். சீழ் ஏறிக் காய்ச்சல் அடித்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது, அது வேறு அவசரம்.

அப்புறம் ஒன்று. கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ஒத்தடம் கொடுக்காதீர்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். காலைக் காப்பாற்றக் கையில் இருப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரம்; அதில் பாதி மலையை விட்டு இறங்கவே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவிலேயே வண்டி பிடியுங்கள்.