வெட்டினால் துணுக்கு

ஒற்றைக் கட்டத்தில் ஒரு படம், அதன் அடியில் ஒரு வரி, பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு. இந்தச் சரக்குக்கு ஆங்கிலக் கார்ட்டூன் உலகில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். அது 'கேக்' (gag). நம் எழுத்தில் ககரத்துக்கு வடிவம் ஒன்றுதான் என்பதால், பிறந்தநாளுக்கு வெட்டுகிற கேக்கும் இதுவும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. 'கேக் கார்ட்டூன்' என்று அச்சிட்டால் வாசகர் மெழுகுவத்தியைத் தேடுவார்.

அந்தச் சொல்லின் பிறப்பு அத்தனை இனிப்பானதும் அல்ல. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குத் தொண்டையை அடைத்தல், மூச்சுத் திணறவைத்தல் என்று பொருள். திணறும்போது தொண்டையில் எழும் ஒலியைக் கேட்டே அந்தச் சொல் உண்டானதாகச் சொல்கிறார்கள். பிறகு, கத்தாமல் இருக்க வாயில் திணிக்கும் துணிக்கு அது பெயராயிற்று. 1878இல் இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்க வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்தவர்கள், இதே சொல்லைக் கொண்டுதான் அதை இகழ்ந்தார்கள். நாம் அதை வாய்ப்பூட்டுச் சட்டம் என்கிறோம். 19ஆம் நூற்றாண்டு நாடக மேடையில், எழுதிக் கொடுத்த வசனத்துக்கு நடுவே நடிகர் தாமாகச் செருகும் பேச்சு இந்தப் பெயரைப் பெற்றது. அங்கும் திணிப்புத்தான். செருகியவற்றில் கைதட்டல் வாங்கியவை பெரும்பாலும் வேடிக்கைகள் என்பதால், சொல் கடைசியில் வேடிக்கைக்கே ஒட்டிக்கொண்டது. வாயை அடைத்த சொல் வாய்விட்டுச் சிரிக்கவைக்கும் சொல்லாக மாறிய கதை இது.

தமிழில் இதற்குப் புதிதாக எதையும் வார்க்க வேண்டியதில்லை. வார இதழ்கள் பல காலமாக 'துணுக்கு' என்று எழுதிவருகின்றன. துணித்தல் என்றால் வெட்டுதல். வெட்டியது துண்டு, துணி. சிறிதாக வெட்டியது துணுக்கு. பக்கத்திலேயே 'துணுக்குறுதல்' என்ற சொல்லும் இருக்கிறது: திடுக்கிடுதல். சிரிக்கவைப்பதற்கு முன் அரை நொடி திடுக்கிடவைப்பதுதானே இந்தப் படங்களின் வேலை? ஒரே ஒரு சிக்கல். பொது அறிவுத் துணுக்கு, சினிமாத் துணுக்கு என்று செய்திச் சிதறல்களும் அதே பெயரில் உலவுகின்றன. ஆகையால் 'சிரிப்புத் துணுக்கு' என்பது என் தேர்வு. படத்தோடு வந்தால் 'துணுக்குப் படம்'. 'நகைத் துணுக்கு' என்று சிலர் எழுதலாம். எனக்கு அது பொற்கொல்லர் பட்டறையில் கூட்டி அள்ளியதுபோல ஒலிக்கிறது. கருத்துப்படம், கேலிச்சித்திரம் என்பவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம். முன்னது அரசியல் பேசும். பின்னது ஒருவருடைய மூக்கை நீட்டும். துணுக்குப் படத்துக்கு நாட்டு நடப்பும் தெரிந்த முகமும் தேவையில்லை.

ஆங்கிலச் சொல் திணிப்பிலிருந்து வந்தது, தமிழ்ச் சொல் வெட்டிலிருந்து வந்தது. வரைகிறவரின் நோட்டைப் புரட்டினால் இரண்டும் இருக்கும். என் நோட்டிலிருந்தே ஒரு பக்கம்: நடுவில் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று. அதைச் சுற்றித் தோன்றியதையெல்லாம் அடைத்தேன். பொம்மையின் தலையில் காகம் உட்கார்ந்திருக்கிறது; அடித்தேன், அரதப் பழசு. சட்டிக்குள் கூடு கட்டியிருக்கிறது, அதுவும் கேட்டதுதான். நீட்டிய கையில் 'வாடகைக்கு விடப்படும்' பலகை. பரவாயில்லை, ஆனால் சிரிப்பு வரவில்லை. பக்கத்தின் மூலையில், தாய்க் காகம் குஞ்சுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பொம்மையைக் காட்டுகிறது. முதலில் எழுதிய வரி: "ஒழுங்காகச் சாப்பிடு, அடம் பிடித்தால் அதோ நிற்கிறாரே அந்த மாமாவிடம் உன்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவேன்." பொம்மை படத்திலேயே நிற்கிறது, 'அதோ நிற்கிறாரே' எதற்கு? குஞ்சு அலகை மூடிக்கொண்டிருக்கிறது, 'அடம் பிடித்தால்' எதற்கு? வெட்ட வெட்ட மிஞ்சியது: "சாப்பிடுகிறாயா, மாமாவைக் கூப்பிடவா?" நான்கில் மூன்று கழிந்து, நான்காவதிலும் பாதிக்கு மேல் போன பிறகுதான் அது துணுக்காயிற்று.

கை தவறுவதாலும் சில பிறக்கும். 1929இல் அமெரிக்கரான ஜேம்ஸ் தர்பர், பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கடல்நாய் ஒன்றைப் பென்சிலால் வரைந்தார். தொலைவில் இரண்டு புள்ளிகள். யாரோ ஆய்வுப் பயணிகள் போலிருக்கிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. நண்பர் ஈ. பி. ஒயிட் அதைத் 'தி நியூ யார்க்கர்' இதழின் ஆசிரியர் குழு முன் வைத்தார்; திரும்பி வந்துவிட்டது. பின்னொரு நாள் மறுபடி வரைய உட்கார்ந்தபோது, பாறை கட்டிலின் தலைமாட்டுப் பலகைபோல வந்துவிட்டது. தர்பர் அதை அழிக்கவில்லை. கீழே கட்டிலைப் போட்டு, கணவனையும் மனைவியையும் படுக்கவைத்து, கடல்நாய் குரைத்ததாகச் சொன்ன கணவனிடம் மனைவி எரிந்து விழுவதாக ஒரு வரி சேர்த்தார். கடல்நாயோ இருவருக்கும் பின்னால் பலகைமேல் சாய்ந்திருக்கிறது. 1932 ஜனவரியில் அதே இதழ் அதை வெளியிட்டது. ஓவியர்கள் வாரம் பத்துப் படம் கொண்டுபோனாலும் ஒன்று தேறுவதே பெரிது என்று பெயரெடுத்த இதழ் அது.

வேடிக்கையைத் தோற்றுவிப்பவரும் வரைபவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் வேடிக்கை வரிகளை எழுதி ஓவியர்களுக்கு விற்றே பிழைத்தவர்கள் உண்டு. இங்கே வாசகர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவதற்கு ஓவியர் படம் போடுவார். இரண்டு பெயரும் அச்சாகும். 'துணுக்கு எழுத்தாளர்' என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். மாலி, கோபுலு ஆகியோரின் கோடுகளை விகடனில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

உடன் வரும் சொற்கள் சில. படத்தின் கீழ் வரும் வரியைப் 'படக்குறிப்பு' என்றால் கல்யாண ஆல்பம்போல இருக்கிறது, 'அடிவரி' போதும். ஸ்கெட்ச்புக்குக்கு 'வரைவேடு' பொருந்தும். அதில் மனம்போன போக்கில் இழுக்கும் கோடுகளை ஆங்கிலம் 'டூடுல்' என்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்கு மடையன் என்று பொருள். நம் 'கிறுக்கல்' பக்கத்திலும் ஒரு கிறுக்கன் நிற்கிறான். என் வரைவேட்டை வீட்டில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் "இந்தக் கிறுக்கு நோட்டை எங்கே வைக்கட்டும்?" என்றுதான் கேட்கிறார்கள்.